குடித்த தண்ணீர்: இந்தியத் திரையில் மதம் கடந்த பரிவு

சினிமாவைப் பற்றி எழுதினால் அது கட்டுரையாகுமா என்று கேட்கிற பெரியவர்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். நெய்தல் திணை, சிலம்பில் நீதி, கம்பனில் நட்பு என்று ஆண்டுதோறும் மலரில் படித்துப் பழகிய கண்ணுக்குச் சினிமா கொஞ்சம் இளக்காரமாகத்தான் தெரியும். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டில்லியில் முப்பது நாற்பது ஆண்டுகள் குடியிருந்த நம்மில் எத்தனை பேர் ஒரு முஸ்லிம் வீட்டின் உள்கட்டு வரை போயிருக்கிறோம்? சீக்கியர் வீட்டுச் சாவுச் சடங்கில் கடைசி வரை நின்றிருக்கிறோம்? எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு கிராமத்தைப் பார்த்திருக்கிறோம்? பார்த்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் முக்கால்வாசி திரையில் பார்த்ததுதான். அப்படியிருக்க, திரை நமக்கு என்ன காட்டியது, எதை மறைத்தது என்று கேட்பது வீண் வேலை ஆகாது.

'மதநல்லிணக்கப் படம்' என்று ஒரு வகை நம் நாட்டில் உண்டு. அதற்கென்று அரசு விருதே இருந்தது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம் என்ற விருது 1965ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது. பின்னாளில் அதற்கு நர்கிஸ் தத் பெயரைச் சூட்டினார்கள். 2024-ல் விருதுகளை மாற்றி அமைத்தபோது அந்தப் பெயர் போயிற்று. சமூக, சுற்றுச்சூழல் விழுமியங்களோடு சேர்த்து ஒரே விருதாக ஆக்கிவிட்டார்கள். மணிரத்னத்தின் 'ரோஜா'வும் (1992) 'பம்பாய்'ம் (1995) இந்த விருதைப் பெற்றவை. விருது கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வகைப் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். எல்லாரும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். ஆனால் யாருக்கும் கைப்பொருள் எதுவும் செலவாவதில்லையே?

நம்முடைய 'பாவமன்னிப்பு' (1961) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்துவாகப் பிறந்த குழந்தை இஸ்மாயில் என்ற பெரியவரின் வீட்டில் ரஹீமாக வளர்கிறது. நாகையாவின் முகத்திலேயே கருணை வழியும். சிவாஜியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பீம்சிங் நெஞ்சுருக எடுத்த படம், இன்றைக்குப் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனாலும் அந்த ஊரில் நல்லவர்கள் முதல் காட்சியிலேயே நல்லவர்கள். வேற்று மதத்தவர் ஒருவரை ஏற்றுக்கொள்வதற்காகத் தன்னிடமிருந்து எதையாவது கழற்றி வைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவே இல்லை. 'பம்பாய்' படத்தில் அந்த அவசியம் வருகிறது. வெட்டுகிறேன் குத்துகிறேன் என்று நின்ற இரண்டு அப்பன்மார்கள் பேரன்களைப் பார்க்க வந்த இடத்தில் இளகுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எப்படி வாழ்ந்திருப்பார்கள், ஒரே வீட்டில் யார் சமையலை யார் சாப்பிட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. அதற்குள் கலவரத் தீயில் அவர்களைக் கொன்றுவிடுகிறார் இயக்குநர்.

ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் மிகவும் சாதாரணமானது. பரிவு காட்டுகிறவர் தன் ஆசாரத்திலிருந்து, தன் பழக்கத்திலிருந்து எதைச் செலவழித்தார்? அவர் செலவழித்ததைப் படம் நமக்குக் காட்டியதா?

இந்த அளவுகோலுக்குப் பொருந்தி வருகிற படம் என்று முதலில் நான் சொல்வது ஒரு வங்காளி அம்மையார் எடுத்தது. அபர்ணா சென்னின் 'மிஸ்டர் அண்ட் மிசஸ் ஐயர்' (2002). பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசும் படம். கதாநாயகியோ நம்மாத்துப் பெண். மீனாட்சி ஐயர், கைக்குழந்தை சந்தானம். மலைப்பகுதியில் இருக்கும் பெற்றோர் வீட்டிலிருந்து கல்கத்தாவில் இருக்கும் கணவனிடம் போகிறாள். பஸ்ஸில் துணைக்கு ராஜா சௌத்ரி என்ற இளைஞன், வனவிலங்குகளைப் படமெடுப்பவன். வழியில் கலவரம், பஸ் நிற்கிறது. அப்போதுதான் தன் பெயர் ஜஹாங்கீர், தான் முஸ்லிம் என்று அவன் சொல்கிறான். அவளுக்கு முதலில் வருகிற திகில் என்ன தெரியுமா? கலவரக்காரர்கள் வருவார்களே என்பது இல்லை. இவனுடைய பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டோமே என்பது!

இந்த ஒரு இடத்துக்காகவே அபர்ணா சென்னைக் கும்பிடத் தோன்றும். மீனாட்சி படிக்காதவள் இல்லை, இயற்பியலில் எம்.எஸ்ஸி. கெட்டவளும் இல்லை. ஆனால் தீட்டு அவள் மூளையில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. இதை நம் தமிழ்ப் படங்கள் ஏன் இவ்வளவு பச்சையாகக் காட்டியதில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். அக்ரகாரத்தைக் கேலி செய்த படங்கள் நம்மிடம் நிறைய. அதற்குள்ளிருந்து ஒரு பெண் பதறுவதை, அவள்மேல் வெறுப்பு வராமல் காட்டிய படங்கள் குறைவு.

அடுத்த சில நிமிடங்களில் கும்பல் பஸ்ஸில் ஏறுகிறது. ஆண்களின் ஆடையை அவிழ்த்துப் பார்த்து மதத்தை முடிவு செய்கிற கும்பல். தண்ணீருக்குப் பதறிய அதே பெண் கைக்குழந்தையை அவன் மடியில் போட்டு, இவர் என் கணவர், மணி ஐயர் என்று சொல்கிறாள். யோசித்துச் சொன்னாளா? இல்லை. யோசிக்க நேரமிருந்தால் ஒருவேளை சொல்லியிருக்க மாட்டாள். கணவன் பெயரைச் சொல்லவே கூசுகிற மரபில் வந்தவள், அந்தப் பெயரை எடுத்து வேறொருவனுக்குப் போர்த்திவிடுகிறாள். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்க்கும் வாய்மையின் பக்கத்தில் இடமுண்டு என்று வள்ளுவர் சொல்வதை மேடையில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். பொய் சொல்பவருக்கு அதனால் எவ்வளவு சேதாரம் என்று குறளுக்கு உரை எழுதியவர்கள் கணக்குப் போட்டதில்லை. இந்தப் படம் போடுகிறது. அந்தப் பொய்க்குப் பிறகு அவனோடு ஒரே அறையில் தங்க வேண்டிவருகிறது. அவள் கோபித்துக்கொள்கிறாள், அவன் வெளியே போய்ப் படுக்கிறான், காலையில் அவனைக் காணோம் என்றதும் கலங்கிப் போகிறாள். கடைசியில் ஹௌராவில் நிஜக் கணவன் காத்திருக்கும்போது அவள் மறைக்காமல் ஜஹாங்கீர் சௌத்ரி என்று முழுப் பெயரையும் சொல்லி அறிமுகப்படுத்துகிறாள். பொய்ப் பெயர் கொடுத்துக் காப்பாற்றியவள், நிஜப் பெயரைத் திருப்பிக் கொடுத்து வழியனுப்புகிறாள்.

அந்தக் காலத்தில் கரோல் பாக் மாமிகள் சிலர், கொங்கணா சென் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு வங்காளிப் பெண் நம் வீட்டுப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகியிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அவருக்குச் சிறந்த நடிகை, இயக்குநருக்குச் சிறந்த இயக்கம், படத்துக்கு நான் மேலே சொன்ன ஒருமைப்பாட்டு விருது என்று தேசிய விருதுகள் வந்தன.

ஆனால் இந்தப் படத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. ராஜா எப்படிப்பட்ட முஸ்லிம்? ஆங்கிலம் பேசுகிறவன், தொழுது நாம் பார்ப்பதில்லை, பெயரைச் சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. அதே பஸ்ஸில் ஒரு வயதான முஸ்லிம் தம்பதி இருக்கிறார்கள், இக்பால், நஜ்மா என்று. பார்த்தாலே தெரிகிற முஸ்லிம்கள். யூதனான ஒரு பயணி, விருத்தசேதனம் செய்த தன்னையும் முஸ்லிம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், கும்பலுக்கு அவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். அவர்களை இறக்கிக் கொண்டுபோய்க் கொல்கிறார்கள். ஒரு சின்னப் பெண் தடுத்துக் கத்துகிறாள், அடி வாங்குகிறாள். ஆக, நம்மைப் போலத் தோன்றுகிறவனைக் காப்பாற்ற முடிந்தது, தன் மதத்தை உடம்பில் சுமந்திருப்பவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. இயக்குநர் இதைத் தெரிந்தே செய்தாரா? தெரிந்தே செய்திருந்தால் மிகக் கடுமையான விமர்சனம் இது. படத்தின் பிற்பகுதி மலையும் ஆறும் மெல்லிய காதலுமாகப் போய்விடுவதால் என்னால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தக் கிழவரையும் கிழவியையும் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இக்பாலாக வந்தவர் பீஷ்ம சாஹ்னி. நடிகர் என்பதைவிட எழுத்தாளராகத்தான் அவரை நாடு அறியும். ராவல்பிண்டிக்காரர். 1947-ல் தன் ஊரும் சுற்றுப்புறமும் பற்றி எரிந்ததை 'தமஸ்' நாவலாக எழுதியவர். நஜ்மாவாக வந்தவர் சுரேகா சிக்ரி. இந்த இருவரும் சேர்ந்து திரையில் வருவது அது முதல் தடவை இல்லை.

1988-ல் கோவிந்த் நிஹலானி 'தமஸ்' நாவலைத் தூர்தர்ஷனுக்காக எடுத்தார். அப்போது வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பீஷ்ம சாஹ்னி அதில் ஹர்நாம் சிங் என்ற வயதான சீக்கியராக நடித்தார். மனைவி பந்தோவாக தீனா பாடக். கலவரத்தில் கடையையும் வீட்டையும் விட்டு இரவெல்லாம் நடந்து, அறியாத ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். திறக்கிறவள் ராஜோ என்ற முஸ்லிம் குடியானவப் பெண். அவள்தான் சுரேகா சிக்ரி. வீட்டு ஆண்கள் கொள்ளைக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வந்தால் என்ன நடக்குமோ தெரியாது. இருந்தும் உள்ளே விடுகிறாள். பசித்திருக்கும் அவர்களுக்கு மோர் கொடுக்கிற இடத்தில், முஸ்லிம் வீட்டுப் பாத்திரத்தில் வாங்கிக் குடிப்பதா என்ற தயக்கம் அந்தத் தம்பதிக்கு. உயிர் போகிற நேரத்திலும் அந்தத் தயக்கம் இருக்கிறது பாருங்கள்! ராஜோவுக்கு அது புரிகிறது. அவள் கோபித்துக்கொள்வதில்லை. அவளும் அதே மண்ணில் வளர்ந்தவள்தானே, யார் யார் கையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிறகு வீட்டு ஆண்கள் ஒரு பெட்டியோடு வருகிறார்கள். அது ஹர்நாம் சிங்கின் வீட்டிலிருந்தே கொள்ளையடித்த பெட்டி!

ராஜோவைப் போல ஒரு பாத்திரத்தை நான் நம் சினிமாவில் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் நல்லவளா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த கொள்ளைப் பொருளை அவள் தூக்கி எறிந்துவிடுவதில்லை. புருஷனையும் பிள்ளையையும் எதிர்த்துப் பிரசங்கம் செய்வதும் இல்லை. கதவைத் தட்டியவர்களைத் துரத்த அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். பயமும் பரிவும் ஒரே முகத்தில் மாறி மாறி வந்து போவதை சுரேகா சிக்ரி நடித்துக் காட்டியதற்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த ராஜோவும் அந்த ஹர்நாம் சிங்கும்தான் பதினான்கு வருஷம் கழித்து ஒரு பஸ்ஸில் முஸ்லிம் தம்பதியாக வந்து உட்கார்ந்து, யாரும் கதவு திறக்காமல் இறங்கிப் போகிறார்கள். அபர்ணா சென் இதை மனத்தில் வைத்துத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தாரோ என்னவோ. 'தமஸ்' பார்த்தவர்களால் அந்த பஸ் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பீஷ்மரின் அண்ணன் பல்ராஜ் சாஹ்னி. எம்.எஸ். சத்யுவின் 'கரம் ஹவா'வில் ஆக்ராவின் செருப்புத் தொழில் முதலாளி சலீம் மிர்ஸாவாக நடித்தவர். பாகிஸ்தானிலிருந்து வர நேர்ந்த இந்துக் குடும்பத்து அண்ணன், பாகிஸ்தானுக்குப் போக மறுக்கிற முஸ்லிமாக நடித்தார். தம்பி சீக்கியராகவும் முஸ்லிமாகவும் நடித்தார். படத்துக்கு டப்பிங் பேசி முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, பல்ராஜ் காலமானார். தணிக்கையில் சிக்கி 1974-ல்தான் படம் வெளியே வந்தது. நம் பக்கத்து மைசூர்க்காரர் சத்யு ஆக்ராவுக்குப் போய் உருது பேசும் குடும்பத்தின் கதையை அப்படி எடுத்தார் என்பதில் புலம்பெயர்ந்து வாழ்கிற நமக்கும் ஒரு சின்னப் பெருமை உண்டு.

'கரம் ஹவா'வைப் பிரிவினைச் சோகம் என்று பலர் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது அதில் வருகிற அஜ்மானியை. ஏ.கே. ஹங்கல் நடித்த சிந்தி வியாபாரி. தன் ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகதியாக வந்தவர். பாகிஸ்தானுக்குப் போய்விட்ட மிர்ஸாவின் அண்ணன் பெயரில் இருந்ததால் குடும்பத்தின் ஹவேலி அவருக்கு ஒதுக்கப்படுகிறது. சட்டப்படி அவருக்குச் சொந்தம். மிர்ஸாவின் கிழத் தாய் வாடகை வீட்டில் சாகக் கிடக்கிறாள், உயிர் பிரிய மறுக்கிறது. கல்யாணமாகி வந்து இறங்கிய ஹவேலிக்கே போக வேண்டும் அவளுக்கு. அஜ்மானி சம்மதிக்கிறார். பல்லக்கில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இந்து அகதி ஒருவரின் வீட்டுக்குள், அது தன் வீடு என்ற நினைப்போடு ஒரு முஸ்லிம் கிழவி போய் உயிரை விடுகிறாள். அந்தக் கிழவியாக நடித்த பதர் பேகம் ஆக்ராவிலேயே கண்டெடுக்கப்பட்டவர், கண் பார்வை மங்கியவர். அவருக்குக் குரல் கொடுத்தவர், ஹர்நாம் சிங்கின் மனைவியாகப் பின்னால் வந்த அதே தீனா பாடக்.

அஜ்மானி ஏன் நெஞ்சில் நிற்கிறார்? தான் இழந்ததை அவர் கணக்கில் வைத்துப் பேசுவதில்லை. 'என் வீட்டை அங்கே பிடுங்கினார்கள், நான் இங்கே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்' என்று கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கேட்பதில்லை. மிர்ஸா வாடகைக்கு வீடு தேடி அலைகிற காட்சிகளில் அவருடைய மதம்தான் ஒவ்வொரு வாசலிலும் குறுக்கே நிற்கிறது. அந்த வாசல்காரர்கள் பலர் எதையும் இழக்காதவர்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990-களின் கடைசியில் கீழக்கரைக்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தார். தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பேட்டையில்தான் வீடு வேண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ் மறக்கக் கூடாது என்பது அவர் ஆசை. அவரோடு நானும் நாலைந்து வீடுகள் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் காப்பியெல்லாம் கொடுத்து, திருநெல்வேலியா ராமநாதபுரமா என்று உறவு கொண்டாடினார்கள். பெயரைக் கேட்டார்கள். பிறகு வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்து, "தப்பா நினைச்சுக்காதீங்கோ சார், எங்காத்துல பெரியவா இருக்கா, கொஞ்சம் ஆசாரம்..." என்று இழுத்தார். நண்பர் வழியில், "விடுங்கண்ணே, அவங்க காப்பி நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். கடைசியில் வீடு கிடைத்தது லஜ்பத் நகரில், முல்தானிலிருந்து சிறுமியாக ஓடிவந்த ஒரு பஞ்சாபிப் பாட்டியிடம். அந்தம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், எழுந்து மோட்டார் போடுவாயா?" சுபுஹு தொழுகைக்கு அதற்கு முன்பே எழுந்துவிடுவேன் என்றார் நண்பர். ஆறு வருஷம் அந்த வீட்டு மாடித் தொட்டியை அவர்தான் நிரப்பினார்.

எல்லை தாண்டுகிற படங்களுக்கு வருவோம். யஷ் சோப்ராவின் 'வீர்-ஜாரா' (2004) பாட்டும் பனியுமாகப் பணத்தைக் கொட்டி எடுத்த படம். நாயகன் இருபத்திரண்டு ஆண்டுகள் பாகிஸ்தான் சிறையில் வாய் திறக்காமல் இருக்கிறான், அதற்குத்தான் எல்லாரும் அழுதார்கள். எனக்குப் பிடித்தது ஆரம்பம். லாகூர்ப் பணக்கார முஸ்லிம் வீட்டுப் பெண் ஜாரா. அவளை வளர்த்த சீக்கியக் கிழவி (ஜோஹ்ரா சேகல்) சாகும்போது, தன் அஸ்தியை இந்தியாவில் கீரத்பூரில் கரைக்க வேண்டும் என்று கேட்கிறாள். ஜாரா யாரிடமும் சொல்லாமல் அந்தக் கலசத்தோடு தனியாக எல்லை தாண்டுகிறாள். அஸ்தி கரைத்தால் என்ன ஆகும் என்பதில் அவளுக்கு நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை, கிழவிக்கு இருந்தது, அது போதும். அடுத்தவர் நம்பிக்கையை நம்பாமலேயே அதற்காக நடக்க முடியும் என்பதை அந்த இருபது நிமிடங்கள் காட்டுகின்றன. அதற்குப் பிறகு ஷாருக் கான் வந்துவிடுகிறார், படம் வேறு பக்கம் போகிறது.

'பஜ்ரங்கி பாய்ஜான்' (2015) அப்படித் திசை மாறுவதில்லை. கபீர் கானின் படம், கதை நம் தெற்கத்திய விஜயேந்திர பிரசாத்துடையது. வாய் பேசாத பாகிஸ்தான் சிறுமி. மகள் பேச வேண்டும் என்று தாய் அவளை நம் நிஜாமுதீன் தர்காவுக்கு அழைத்து வருகிறாள். திரும்பும்போது ரயில் நின்ற இடத்தில் ஓர் ஆட்டுக்குட்டிக்காக இறங்கிய குழந்தை இந்தியாவிலேயே தங்கிப்போகிறாள். (டில்லியையும் லாகூரையும் இணைத்த சம்ஜோதா எக்ஸ்பிரஸ் 2019 ஆகஸ்டோடு நின்றுபோனது. இந்தியப் படங்களும் அந்த ஆண்டு முதல் பாகிஸ்தான் திரையரங்குகளுக்குப் போவதில்லை. இந்தப் படம் அங்கேயும் ஓடியது என்பதை இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.) குழந்தை வந்து சேர்வது பவன் என்ற ஆஞ்சநேய பக்தனிடம். சல்மான் கான் படத்தை மலரில் எழுதுகிறாயே என்று யாரும் கோபிக்க வேண்டாம். சாந்தினி சௌக்கின் கட்டுப்பெட்டியான சைவ வீட்டில், பக்கத்து வீட்டுக் கோழிக்கறியை அந்தக் குழந்தை ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து அவன் திகைக்கும் இடம், மீனாட்சியின் தண்ணீர் பாட்டிலுக்குத் தம்பி முறை. நிறத்தைப் பார்த்துப் பிராமணப் பெண் என்று நினைத்தவன், கறி சாப்பிட்டதும் ஷத்திரியக் குழந்தை என்று மாற்றிக்கொள்கிறான். மசூதியில் அவள் கையேந்தி நிற்கும்போதுதான் விஷயம் உறைக்கிறது.

பவன் பொய் சொல்ல மாட்டான், ஆஞ்சநேயர் பக்தன். எல்லைச் சுரங்கத்தைத் தாண்டிய பிறகும் பாகிஸ்தான் சிப்பாய்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று நின்று அடி வாங்குகிறான். தியேட்டரில் சிரித்தோம். ஆனால் மறுபடி பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிந்தது. இவன் வாய்மையைக் காப்பாற்ற மற்றவர்கள் வரிசையாகப் பொய் சொல்கிறார்கள். மசூதிக்குள் வரத் தயங்குகிறவனிடம், இது எல்லாருக்கும் திறந்த இடம், அதனால்தான் பூட்டுவதில்லை என்கிற மௌலானா (ஓம் புரி) போலீசிடம் அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. பர்தா போட்டுத் தப்பவும் வைக்கிறார். நிருபர் சாந்த் நவாப் வழியெல்லாம் புளுகிக்கொண்டே வருகிறான். கடைசியில் ஒரு போலீஸ் அதிகாரி மேலிடத்து உத்தரவை மீறுகிறார். பக்தன் சத்தியவானாக ஊர் திரும்புகிறான்; சேதாரம் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு. படம் பவனைக் கொண்டாடுகிறது, நான் மௌலானாவைத்தான் கொண்டாடுவேன். அவரும் மீனாட்சியும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

குழந்தை ஊமையாக இருப்பதும் திரைக்கதைக்கு வெறும் வசதி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, பேச்சும் இல்லை. அவளால் தன் மதத்தைச் சொல்லவோ, விவாதிக்கவோ, பவனின் சாமியைப் பற்றி ஏடாகூடமாக ஒரு வார்த்தை கேட்கவோ முடியாது. கடைசிக் காட்சியில் முதன்முதலாக வாய் திறப்பவள் சொல்வதும் அவன் சொல்லிக்கொடுத்த ராம நாமத்தை. அரங்கமே கண்ணீர் விட்டது, நானும்தான். ஆனாலும் இருபது வயதில், நன்றாக வாய் பேசுகிற ஷாஹிதா வந்து பவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி வீடு வரை கூட வந்தது.

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை மூன்று வருஷம் கழித்து மலையாளத்தில் பார்த்தேன். ஸக்கரியாவின் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018). மலப்புரத்துப் பேச்சு நமக்குப் பாதி புரியும், மீதிக்குக் கீழே எழுத்து ஓடும். அங்கே செவன்ஸ் கால்பந்து என்றால் உயிர். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டி வருவார்கள், எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் ஊருக்கு அவன் 'சுடானி'. நான் நைஜீரியா என்று சாமுவேல் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறான், கேட்பாரில்லை. (மதராஸி என்று அழைக்கப்பட்ட நமக்கு இந்த நகைச்சுவை தனியாகவே புரியும்.) அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவனை, குழு நடத்தும் மஜீத் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். மஜீதின் உம்மா ஜமீலாவும் பக்கத்து வீட்டு பீயும்மாவும் அவனைக் கவனித்துக்கொள்கிறார்கள். பொதுவான மொழி ஒன்றுகூட இல்லை. அவர்கள் மலையாளத்தில் கேட்கிறார்கள், அவன் ஆங்கிலத்தில் சொல்கிறான், கஞ்சி வந்துவிடுகிறது. அவனுடைய பாட்டி ஊரில் இறந்த செய்தி வந்ததும் இந்த வீட்டில் தங்களுக்குத் தெரிந்த முறையில் பிரார்த்தனை நடத்துகிறார்கள். இறந்தவள் எந்த மதம் என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் இதையும் 'எல்லாரும் நல்லவர்கள்' வரிசையில் சேர்த்திருப்பேன். ஸக்கரியா நிற்கவில்லை. எங்கிருந்தோ வந்த சாமுவேலிடம் உருகுகிற மஜீத், சொந்த வீட்டில் ஒருவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உம்மாவை இரண்டாவதாக நிக்காஹ் செய்துகொண்ட கிழவர் அப்துல்லா. அவர் எங்கேயோ காவலாளி வேலை பார்க்கிறார், அவ்வப்போது வருகிறார், இவன் வாசலில் இருந்தால் ஒதுங்கி நிற்கிறார். சாமுவேலின் அறைக்கு வந்து உட்கார்ந்து, மொழி தெரியாமலேயே அவனோடு பேசிவிட்டுப் போகிறார். அதே மதம், அதே ஊர், அதே மொழி. மஜீதுக்கு அவர்தான் அந்நியர்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. படம் வெளியான பிறகு சாமுவேலாக நடித்த நைஜீரிய நடிகர், தனக்குச் சம்பளம் குறைவாகக் கொடுக்கப்பட்டது என்றும் தன் நிறம்தான் காரணம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்; தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள்; பின்னர் பேசித் தீர்த்துக்கொண்டதாக அவரே அறிவித்தார். தீர்ந்த விஷயம்தான். பரிவைப் பற்றிய படத்தை எடுக்கிற இடத்திலும் கணக்கு வழக்கு என்ற ஒன்று இருக்கிறது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

சாமுவேலை விமானத்தில் ஏற்றிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அழுத கண்ணோடு வருகிற மஜீத் நேரே வீட்டுக்குப் போவதில்லை. அப்துல்லா வேலை பார்க்கும் இடத்துக்குப் போகிறான். மன்னிப்பு, விளக்கம், கட்டிப்பிடித்தல் எதுவும் கிடையாது. வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிடுகிறான். கிழவர் அவனோடு வருகிறார்.